பாறைமேல் ஊர், பாறைக்குள் கிணறு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், இத்தாலியின் ஓர்வியேட்டோ ஊரில் நானும் என் அக்காவும் மூன்று இரவு தங்கியதையும், அங்கே பாறைக்குள் வெட்டிய பெரிய கிணற்றில் இறங்கியதையும் நாலு வரியில் சொல்லியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவே இல்லை. நான் முப்பது வருஷம் நீர்வளப் பொறியாளராக வேலை பார்த்தவள். எந்த ஊருக்குப் போனாலும் இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பதில்களிலும் அந்தக் கண் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடுத்த ஏப்ரலில் ரோமில் ஐந்து நாள் இருப்போம். ஒரு நாளை மலையூர் ஒன்றுக்கு ஒதுக்கலாம் என்று எண்ணம். காலையில் ஓர்வியேட்டோ போய் மாலையில் திரும்பிவிடலாமா?

பதில்: தாராளமாக முடியும். ரோம் டெர்மினி நிலையத்தில் பிராந்திய ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரப் பயணம். காகித டிக்கெட் வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள். ஏறுவதற்கு முன்னால் நடைமேடையில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் டிக்கெட்டைச் செருகி முத்திரை போட வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு.

ரயில் நிலையம் அடிவாரத்தில், ஊர் பாறை உச்சியில். நிலையத்துக்கு எதிரிலேயே ஃபுனிகொலாரே, அதாவது பழனி விஞ்ச் மாதிரியான இழுவை ரயில், காத்திருக்கும். 1888-ல் தொடங்கியபோது இது தண்ணீரின் எடையால் ஓடியது. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள். அந்தப் பாரத்தில் அது இறங்க, கயிற்றின் மறுமுனையில் இருக்கும் பெட்டி மேலே ஏறும். 1970-ல் நின்றுபோனது. 1990-லிருந்து மின்சாரத்தில் மறுபடி ஓடுகிறது. சில நிமிடங்களில் மேலே காஹன் சதுக்கத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து கதீட்ரல் வரை சிறிய பஸ் உண்டு, நடந்தும் போகலாம்.

ஆனால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். கதீட்ரலின் முகப்பு மேற்குப் பக்கம் பார்த்தது. காலையில் வருகிறவர்களுக்கு அது நிழலில்தான் கிடைக்கும். சாயங்கால வெயில் விழும்போதுதான் முகப்பில் பதித்த பொன்னிறக் கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் பாதிப் பேர் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நானும் அக்காவும் எதிரே இருந்த கல் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். வெளியூர்க்காரர்கள் கலைந்ததும் ஊர்க்காரர்கள் வெளியே வந்தார்கள். பாட்டிகள் கை கோத்துக்கொண்டு பிரதான வீதியில் மேலும் கீழும் நடந்தார்கள். ஒரு பையன் கதீட்ரல் படியில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். அதுவரை காட்சிப்பொருளாக இருந்தது அந்த நேரத்தில்தான் எனக்கு ஊராகத் தெரிந்தது. ரோமின் ஐந்து இரவுகளில் ஒன்றை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். தங்குமிடத்தில் தலைக்கு, இரவுக்கு என்று ஒரு சிறிய நகர வரி தனியாகக் கேட்பார்கள். அது முறையான வரிதான், ஏமாற்று இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. மலையூர் என்றாலே பயப்படுகிறார். நீங்கள் எழுதிய கிணற்றில் இறங்க முடியுமா?

பதில்: முதலில் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். மலையூர்களில் பல, சரிவில் தொற்றிக்கொண்டு நிற்பவை. கடைக்குப் போனாலும் ஏற்றம், திரும்பினாலும் ஏற்றம். ஓர்வியேட்டோ அப்படியில்லை. மேசை மாதிரி தட்டையான பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. மேலே ஏறிவிட்டால் மையப் பகுதி பெரும்பாலும் சமதரைதான். மேற்குக் கோடியில் இருக்கும் பழைய தெருக்கள் மட்டும் இறக்கம். முழங்கால் வலிக்காரர்களை அழைத்துப் போக நான் இந்த ஊரைத்தான் சொல்வேன். தெருவெல்லாம் கல் பாவியது, அதனால் நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம். சக்கரப் பெட்டியைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிணறு வேறு விஷயம். இறங்க 248 படி, ஏற 248 படி. நடுவில் லிஃப்ட் கிடையாது. படிகள் கோவேறு கழுதைக்காக அமைத்தவை என்பதால் அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கும். ஒரு படிக்கு ஓர் எட்டு போதாது, ஒன்றரை எட்டு வைக்க வேண்டியிருக்கும். அந்தத் தாளம் சிலருக்குச் சுகம், சிலருக்குத் தொந்தரவு. என் அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது, வலது முழங்கால் சரியில்லை. "நீ முன்னாலே போடி, நான் என் வேகத்தில் வரேன்" என்றாள். நான் அடிவரை போய், பாலத்தைத் தாண்டி, மறு படிக்கட்டில் பாதி ஏறிவிட்டேன். ஒரு சன்னலில் நின்று பார்த்தால், கிணற்றின் குறுக்கே எதிர்ச் சன்னலில் அக்கா, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறாள். "தண்ணி தெரியுதாடி?" என்று கேட்டாள். குரல் சுற்றிச் சுழன்று வந்தது. "தெரியுது, மெதுவா வாக்கா" என்றேன். நாங்கள் இருந்தது வேறு வேறு படிக்கட்டு. கையை நீட்டினால் தொடலாம் போலிருக்கும், ஆனால் சந்திக்கவே முடியாது.

அக்கா ஏறி வந்துவிட்டாள். ஆனால் அன்று மாலை முழுக்கக் காலைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இருந்தாள். உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை. அதனால் இறங்குங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கிணற்றுக்குப் பக்கத்திலேயே பழைய அல்போர்னோஸ் கோட்டையின் தோட்டம் இருக்கிறது. அங்கே பெஞ்சில் அம்மாவை உட்காரவைத்தால் பாலியா ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணில் விழும். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஒரு மலையூரில் அவ்வளவு பெரிய கிணற்றை ஏன், யார் வெட்டினார்கள்? நான் சிவில் படிக்கும் மாணவன்.

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் மண். ஓர்வியேட்டோ நிற்கும் பாறை, எரிமலை கக்கிய சாம்பல் இறுகி உண்டானது, டூஃபோ என்பார்கள். மென்மையான கல், கைக்கருவியால் வெட்டலாம். அதற்கு அடியில் களிமண். மழைத்தண்ணீர் டூஃபோவுக்குள் கசிந்து இறங்கும், களிமண்ணில் தடைபட்டு நிற்கும். ஆக, தண்ணீர் இருக்கிறது, ஆனால் ஊருக்கு வெகு கீழே இருக்கிறது. செங்குத்தான பாறை எதிரியைத் தடுக்கும். ஆனால் முற்றுகை போட்டு உட்கார்ந்துவிட்டால், உள்ளே இருப்பவர்களைத் தாகமே தோற்கடித்துவிடும்.

1527-ல் ஜெர்மானிய, ஸ்பானியப் படைகள் ரோமைச் சூறையாடின. போப் ஏழாம் கிளமெண்ட் ரோமின் சான்ட் ஆஞ்சலோ கோட்டைக்குள் பல மாதம் அடைபட்டுக் கிடந்து, அந்த வருஷம் டிசம்பரில் தப்பி ஓர்வியேட்டோ வந்து சேர்ந்தார். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி தன் திருமணத்தை ரத்து செய்யச் சொல்லி அனுப்பிய தூதர்கள் 1528-ல் அவரைப் பார்த்ததும் இந்த ஊரில்தான். முற்றுகை என்றால் என்ன என்று உடம்பால் அறிந்தவர் கிளமெண்ட். இந்த ஊரும் சூழப்பட்டால் தண்ணீருக்கு என்ன வழி என்று யோசித்துக் கட்டச் சொன்னதுதான் இந்தக் கிணறு. வடிவமைத்தவர் இளைய அந்தோனியோ ட சங்காலோ. வேலை 1537-ல் முடிந்தபோது கிளமெண்ட் உயிரோடு இல்லை; அடுத்த போப் மூன்றாம் பால் காலம் வந்துவிட்டது.

ஆழம் 53 மீட்டர். பதினைந்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகப் புதைத்ததாக நினைத்துக்கொள். குறுக்களவு 13 மீட்டர். நடுவில் கிணற்றுக் குழாய், அதாவது மேலிருந்து அடிவரை திறந்த வட்டத் துளை. அதைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுருள் படிக்கட்டுகள். மேலே எதிரெதிரே இரண்டு வாசல். ஒன்றில் காலிக் குடத்தோடு கழுதை இறங்கும், அடியில் சிறிய பாலத்தைக் கடந்து, நிரம்பிய குடத்தோடு மற்றதில் ஏறி மறு வாசல் வழியாக வெளியே வரும். இறங்குவதும் ஏறுவதும் எங்கேயும் முட்டிக்கொள்ளாது. குடம் குடமாகக் கயிற்றில் இழுத்தால் ஒரு நகரத்துக்குக் கட்டுப்படியாகுமா? அதனால் கயிற்றை விட்டுவிட்டு, இடையறாமல் ஓடும் ஒரு பாதையாகவே கிணற்றை யோசித்திருக்கிறார் சங்காலோ. கிணற்றுக் குழாயின் சுவரில் ஏறக்குறைய 70 சன்னல்கள். வெளிச்சம் வாயிலிருந்து குழாய் வழியாக இறங்கி, சன்னல் வழியாகப் படிக்குத் திரும்புகிறது. ஒரு சன்னல் கட்டையில் நான் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஐந்நூறு வருஷத்துக் கைகள் தேய்த்துத் தேய்த்துக் கல் வழுவழுவென்று சோப்பு மாதிரி ஆகியிருந்தது. கீழே போகப் போகக் காற்று குளிர்ந்து, ஈரக் கல் வாசனை வரும். அடியில் நின்று அண்ணாந்தால் வானம் ஒரு தட்டளவு.

வாசலில் லத்தீனில் ஒரு வாசகம். இயற்கை இந்த அரணுக்குத் தர மறுத்ததை உழைப்பு சேர்த்தது என்பது பொருள். அந்த வரியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் பார்த்த வேலையும் அதுதானே.

இதற்கும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே இருந்த எட்ருஸ்கர்கள் வேறு விதமாக வெட்டினார்கள். ஓர் ஆள் மட்டும் இறங்கும் அகலத்தில் நீள்சதுரத் துளை, ஆழம் பல மீட்டர். இரண்டு பக்கச் சுவரிலும் கால் வைக்கக் குழிகள். அவற்றில் மாறி மாறிக் காலை ஊன்றி இறங்குவார்கள். பாறைக்கடியில் 1200-க்கும் மேற்பட்ட குகைகள் இருக்கின்றன. வழிகாட்டியோடு ஒரு பகுதியைக் காட்டுகிறார்கள். எண்ணெய்ச் செக்கு இருந்த குகை, சுவர் முழுக்கச் சதுரச் சதுரமாகப் புறாப்பொந்து வெட்டிய அறை எல்லாம் உண்டு. பொந்துப் புறாக்கள் செல்லத்துக்கு அல்ல, சாப்பாட்டுக்கு. கட்டாயம் போ. நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போ.

கேள்வி: இத்தாலியில் பத்து சர்ச் பார்த்தபின் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றுகிறது. ஓர்வியேட்டோ கதீட்ரலில் என்ன விசேஷம்?

பதில்: அலுப்பு வருவது நியாயம்தான். அதனால் முழுவதையும் பார்க்க முயலாதீர்கள். இரண்டே இடம் பாருங்கள்.

முதலாவது, உள்ளே போகாமலே பார்க்கலாம். 1290-ல் அடிக்கல் நாட்டிய கோயில் இது. 1310-லிருந்து வேலையை நடத்தியவர் சியன்னாக்காரர் லொரென்ஸோ மைத்தானி. முகப்பின் அடியில் நான்கு அகலமான தூண்சுவர்களில் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை புடைப்புச் சிற்பமாக ஓடுகிறது. இடது கோடிக்குப் போய், ஏவாளைப் படைக்கும் காட்சியைத் தேடுங்கள். ஆதாம் அயர்ந்து தூங்குகிறான். கடவுள் குனிந்து அவன் விலாவில் கை வைக்கிறார். அறுவை செய்யும் வைத்தியரின் நிதானம் அந்தக் குனிதலில் இருக்கிறது. அப்புறம் வலது கோடிக்கு வாருங்கள். இறந்தவர்கள் கல்லறை மூடியைத் தூக்கிக்கொண்டு எழுகிறார்கள். நரகத்தில் தள்ளப்பட்டவர்களின் முகத்தை என்னால் ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். மேல் வரிசைகளில் சில உருவங்கள் முழுதும் செதுக்கி முடிக்கப்படாமல் நிற்கின்றன. கல்லுக்குள்ளிருந்து ஆள் வெளியே வரும் அந்தப் பாதி நிலையில், சிற்பி எந்த வரிசையில் வேலை செய்தார் என்று தெரியும்.

இரண்டாவது, உள்ளே வலப்பக்கத்து சான் பிரீட்ஸியோ சிற்றாலயம். 1447-ல் ஃப்ரா ஆஞ்சலிக்கோ என்ற ஓவியர் விதானத்தில் வரையத் தொடங்கி, பாதியில் விட்டுப் போனார். 1499-லிருந்து 1504 வரை லூக்கா சின்யோரெல்லி சுவர்களை வரைந்து முடித்தார். எலும்புக்கூடுகள் தரையைப் பிளந்துகொண்டு வந்து சதை போர்த்துக்கொள்வதை அங்கே பார்க்கலாம். போலிக் கிறிஸ்துவின் உபதேசக் காட்சியில் இடது ஓரத்தில் கறுப்பு உடையில் இரண்டு பேர் தனியாக நிற்பார்கள். ஒருவர் சின்யோரெல்லி, மற்றவர் ஐம்பது வருஷத்துக்கு முன் தொடங்கிவைத்த ஃப்ரா ஆஞ்சலிக்கோ. பாதியில் விட்டுப்போன மூத்தவருக்குத் தன் பக்கத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார். அந்த மரியாதை என் மனதில் நின்றுவிட்டது.

தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். ரொட்டியும் பழமும்தான் கதியா?

பதில்: அப்படி இல்லை. ஓர்வியேட்டோவின் சொந்தப் பாஸ்தா உம்ப்ரிகெல்லி, கையால் உருட்டிய தடித்த நூல். மாவும் தண்ணீரும் மட்டும்தான், முட்டை கிடையாது. தக்காளி, பூண்டு, மிளகாய் போட்டுக் கேளுங்கள், நிறைவாக இருக்கும். அவரை, பயறு சூப்புகளில்தான் எச்சரிக்கை வேண்டும். பன்றிக் கொழுப்போ எலும்புச் சாறோ சேர்ந்திருக்கலாம். "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே" என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். கூடவே "சென்ஸா ப்ரோதோ தி கார்னே", அதாவது இறைச்சிச் சாறும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையால் செய்வது. அது ஆகாது என்றால், பாஸ்தாமேல் தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அந்தப் பகுதி ரொட்டியில் உப்பு இருக்காது. முதல் கடியில் அக்கா முகம் சுளித்தாள். ஆலிவ் எண்ணெயும் உப்பும் தொட்டுச் சாப்பிட்டபின் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினாள். பில்லில் 'கோபெர்த்தோ' என்று தலைக்கு இரண்டு, மூன்று யூரோ இருக்கும். உட்கார்ந்து சாப்பிடுவதற்கான வழக்கமான கட்டணம் அது. மத்தியானச் சாப்பாட்டை இரண்டரைக்குள் முடித்துவிடுங்கள். அதன்பின் சமையலறையை மூடினால் ராத்திரி ஏழரைக்குத்தான் திறப்பார்கள்.

கேள்வி: வாடகைக் கார் எடுத்தால் நாலைந்து மலையூர்களைச் சுற்றலாமே?

பதில்: சுற்றலாம். ஆனால் பழைய ஊர்களின் உள்தெருக்களுக்குள் வெளியார் வண்டி நுழையக் கூடாது. எல்லையில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகை இருக்கும், கேமராவும் இருக்கும். தவறி நுழைந்தால், ஊர் திரும்பிப் பல மாதம் கழித்துக் கார் நிறுவனம் வழியாக அபராதச் சீட்டு வரும். ஓர்வியேட்டோவில் காம்போ தெல்லா ஃபியேரா என்ற நிறுத்தத்தில் விட்டுவிடுங்கள். அங்கிருந்து நகரும் படிக்கட்டும் லிஃப்டும் பாறைக்குள் வழியாக ஊருக்கு ஏற்றிவிடும். கைத்தடிக்காரர்களுக்கும் இதுதான் நல்ல வழி.

கேள்வி: பக்கத்தில் சிவிதா தி பாஞ்ஞோரெஜோ என்று 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' இருக்கிறதாமே? ஓர்வியேட்டோவுக்கும் அந்தக் கதி வருமா?

பதில்: சிவிதாவைப் பார்க்க நீண்ட நடைபாலத்தில் ஏறிப் போக வேண்டும். வண்டி கிடையாது, நுழைவுக்குக் கட்டணம் உண்டு. நிரந்தரமாக அங்கே வசிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அங்கேயும் மேலே டூஃபோ, கீழே களிமண். களிமண்ணை மழையும் ஓடைகளும் அரித்துக்கொண்டே போக, மேலே இருக்கும் பாறை விளிம்பு விளிம்பாக உடைந்து விழுகிறது. பாலத்தில் நின்று பார்த்தால் வெறுமையான களிமண் முகடுகள் கத்தி முனை போல எழுந்து நிற்கும். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் படம் எடுக்க மனம் வரவில்லை. ஓர்வியேட்டோவிலிருந்து போகும் பஸ்கள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள்.

ஓர்வியேட்டோவிலும் பாறைச் சரிவுகள் நடந்து, நிலைமை மோசமாகத்தான் இருந்தது. 1978-ல் ஓர்வியேட்டோ பாறையையும் தோதி ஊரின் குன்றையும் காப்பாற்ற இத்தாலி தனிச் சட்டமே போட்டது. பாறைக்குள் எஃகுக் கம்பிகளைச் செலுத்தி இறுக்கினார்கள். ஊருக்குள் ஒழுகிக்கொண்டிருந்த குடிநீர்க் குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் மாற்றினார்கள். குழாய் ஒழுகினால் பாறை ஊறும், ஊறினால் உடையும். அவ்வளவு பெரிய ஊர் நிலைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழாய்களால்தான்.

பாறையின் அடியைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது. நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும். கிளம்பும் நாள் காலையில் அதில் ஒரு துண்டு நடந்தோம். தலைக்கு மேலே பாறை, அதற்கும் மேலே யாரோ ஒருவர் வீட்டுக் கொடியில் காயும் துணி. பாறை முகத்தில் ஒரு கம்பியின் தலையைக் கண்டுபிடித்து அக்காவுக்குக் காட்டினேன். அதற்குச் சற்றுக் கீழே ஒரு சிறிய வடிகுழாய், வாயில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழும்வரை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அப்புறம் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.